பல்லுக்கொதி தானாக நின்றால்

பள்ளிமுனைக் கரையில் காலையில் நண்டு வலை தெரிகிற இடத்துக்குப் போனால், கன்னம் வீங்கிய ஒருவரையாவது காணலாம். கடைவாயில் கராம்பு, சட்டைப் பையில் பனடோல் அட்டை. அண்மையில் அப்படி இருந்த ஒரு அண்ணனிடம், ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று கேட்டேன். "போனா பிடுங்கித்தான் விடுவாங்கள் தம்பி. இது ரெண்டு நாளில அடங்கிரும்" என்றார். பேசும்போதும் கை ஓயவில்லை. கால் முறியாமல் நண்டை வலைக்கண்ணிலிருந்து கழற்றிக்கொண்டே சொன்னார்.

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். அரச வைத்தியசாலையில் பல் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனாலும் ஒரு நாள் தொழிலை விட்டால் அன்றைக்கு உலை வைப்பது எப்படி என்ற கேள்வி இருக்கிறது. ஊசிப் பயமும் இருக்கிறது. இரண்டும் எனக்கு விளங்குகின்றன. நான் வாதாட விரும்புவது அந்த அண்ணனின் முதல் வசனத்தோடுதான்.

பிடுங்கித்தான் விடுவார்கள் என்பது பொய்யில்லை. ஏன் பிடுங்குகிறார்கள்? சூத்தை சின்னக் கறுப்புப் புள்ளியாக இருக்கையில் போனால், பழுதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்து அனுப்புவார்கள். அந்த நேரத்தில் நோவு இராது, அதனால் யாரும் போவதில்லை. குழி நரம்புவரை இறங்கி, இரவில் தலையணையில் கன்னம் வைக்க முடியாமல் போன பிறகுதான் போகிறோம். அப்போது பல்லைக் காப்பாற்ற வேர்ச் சிகிச்சை வேண்டும். அதற்குப் பல தடவை வரவேண்டும், எல்லா இடங்களிலும் அது கிடைப்பதுமில்லை. மிஞ்சுவது குறடு. குறட்டைக் கண்டு வந்தவரின் கதையைக் கேட்டு அடுத்த வீட்டாரும் பிந்துகிறார்கள், அவருக்கும் குறடுதான். இந்தப் பயத்தை எங்கள் ஊரே இப்படி வளர்த்து வைத்திருக்கிறது.

வீட்டில் பல்லைப் பார்த்துக்கொள்வதை நான் குறைத்துப் பேசமாட்டேன். பல்லுக்கு வேண்டியதில் பெரும்பங்கு வீட்டில்தான் நடக்கிறது. புளோரைட்டு உள்ள பற்பசையை 2021 இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கடையில் வாங்கும் சாதாரணப் பொருளுக்கு அவ்வளவு மதிப்பு. ஒரு நாளைக்கு இரண்டு தரம் தீட்டவேண்டும், அதில் படுக்கப் போகுமுன் தீட்டுவது முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமியின் அமிலத்தைக் கழுவ ஒன்றும் இராது. இரவுத் தொழிலுக்குப் போகிறவர் காலையில் கரைக்கு வந்து எத்தனை மணிக்குச் சரிகிறாரோ, அதுதான் அவருக்குப் படுக்கை நேரம். தீட்டியபின் நுரையைத் துப்பினால் போதும். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும்.

வேப்பங்குச்சியை நுனி நாராக மென்று தீட்டினால் அழுக்குப் போகும், புளோரைட்டு அதில் இல்லை. உமிக்கரியும் செங்கல்தூளும் பல்லின் மேற்பூச்சையே தேய்த்துவிடும். கராம்பில் யூஜினோல் என்ற எண்ணெய் இருக்கிறது. பல் வைத்தியர்களே அதை நாக ஒட்சைட்டுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. நோவை அது மரக்கச் செய்யும், குழியை மூடாது.

"எங்கட பாட்டா சாகுமட்டும் குச்சியாலதான் தீட்டினவர், ஒரு பல்லும் விழேல்ல" என்று சொல்லாத வீடு இங்கே குறைவு. அதற்குப் பதில் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. நோர்வேக்காரரான ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 இல் மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளரின் வாயைச் சோதித்தார்கள். பல் வைத்தியத்தையே காணாதவர்கள், பல் தீட்டும் வழக்கமும் இல்லாதவர்கள். 1985 வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். சூத்தை ஏறத்தாழ இல்லை, பற்களைக் கொண்டுபோனது முரசு நோய். நூற்றுக்கு 11 பேருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல் விழவில்லை. 81 பேருக்கு நோய் மெல்ல மெல்ல முற்றி, 45 வயதாகும்போது சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 8 பேருக்கு இருபது வயதிலேயே விழத் தொடங்கி, 45 வயதில் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. உலகத்தின் பல் மருத்துவப் பாடநூல்கள் இந்தத் தொழிலாளரின் வாயிலிருந்துதான் முரசு நோயின் போக்கைக் கற்பிக்கின்றன. வாசிக்க மனம் கனக்கிறது. நாங்கள் கதையில் சொல்லுகிற பாட்டா அந்தப் பதினொரு பேரில் ஒருவர். பொக்கை வாயோடு கஞ்சி குடித்த மற்றப் பாட்டாமாரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

முரசு நோய் நோவதும் இல்லை. தீட்டும்போது இரத்தம் வரும், அவ்வளவுதான். பல்லடியில் கல்லாக இறுகிய காறையைப் பிரஷ் அசைக்காது. ஆயுதம் கொண்டு சுரண்டித்தான் எடுக்கவேண்டும். சீனி வருத்தக்காரருக்கு இது இரட்டைப் பாடு, இரண்டு நோயும் ஒன்றையொன்று முற்றவைக்கும்.

அந்த அண்ணன் சொன்னபடி கொதி இரண்டு நாளில் அடங்கியும்விடும். உள்ளே நரம்பு செத்தால் நோவு நிற்கும், கிருமி நிற்பதில்லை. அது வேர் நுனியில் சீழ் கட்டி, தாடையடிக்கு இறங்கலாம். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துப் பக்கமோ கண் பக்கமோ பரவினால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுக்கக்கூடிய வீக்கம் அது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயப்படுத்துவது வெற்றிலை. கடலில் தூக்கம் வராதிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்துக் கடைவாயில் ஒதுக்கிவைக்கும் ஆட்கள் எங்களில் நிறைய. இலங்கை ஆண்களுக்கு ஆக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. தொடக்கத்தில் அதுவும் நோவதில்லை. ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு சிவப்புத் திட்டு, உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாய் முன்போல் விரியாமை, இவ்வளவுதான் அடையாளம்.

எங்கள் கோயிலின் புனித லூசியா கண்ணுக்குப் பாதுகாவலி. கண்ணில் ஒன்றென்றால் அவவிடம் மன்றாடிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போகிறோம். பல்லுக்கும் திருச்சபையில் புனித அப்பொலோனியா இருக்கிறா, பெப்ரவரி 9 அவவுடைய திருநாள். கண்ணுக்குச் செய்வதைப் பல்லுக்கும் செய்தால் என்ன?

வெற்றிலை போடுகிற ஆள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வெளிச்சத்தில் இருத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் பாருங்கள். திட்டோ, இரண்டு கிழமையாக ஆறாத புண்ணோ இருந்தால், திங்கட்கிழமை காலையில் நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு பல் கிளினிக்குக்குப் போங்கள்.