படபடக்கும் நெஞ்சு ஈமான் குறைவின் அடையாளமா?



“ஐவேளையும் தொழுகிறேன், குர்ஆன் ஓதுகிறேன். இருந்தும் நெஞ்சு படபடக்கிறது. என் ஈமான் குறைந்துவிட்டதா?” இப்படிக் கேட்பவர்கள் நம்மிடையே பலர். கேட்க வெட்கப்பட்டு மனதுக்குள் புழுங்குபவர்கள் அதைவிட அதிகம்.

நபி மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். பிர்அவ்னின் கொடுமைக்கு அஞ்சிக் குழந்தையை ஆற்றில் விட்ட அந்தத் தாய்க்கு, பிள்ளையைத் திருப்பித் தருவதாக அல்லாஹ்வே வாக்களித்திருந்தான். அப்படியிருந்தும் அவர்களது உள்ளம் வெறுமையாகி, இரகசியத்தையே வெளியிட்டுவிடும் நிலைக்கு வந்தார்கள் என்று சூரத்துல் கஸஸ் கூறுகிறது. அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை, உள்ளத்தை உறுதிப்படுத்தினான். அவர்களும் சும்மா இருக்கவில்லை. பின்தொடர்ந்து பார்க்குமாறு மகளை அனுப்பினார்கள். உள்ளம் நடுங்குவது குற்றமல்ல என்பதும், முயற்சி வேண்டும் என்பதும் இதிலுள்ள படிப்பினைகள்.

பயம் எல்லோருக்கும் உண்டு. பரீட்சைக்குமுன் வரும் பயம் பரீட்சை முடிந்ததும் போய்விடும். ஆனால் பல விடயங்களைப் பற்றிய கவலை ஆறு மாதங்களாகப் பெரும்பாலான நாட்களில் நீடித்து, அடக்க முடியாமலும் போனால் வைத்தியர்கள் அதை நோயாகவே பார்க்கின்றனர். அமைதியின்மை, விரைவில் களைப்படைதல், கவனம் சிதறுதல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் குறைவு என்பன அதன் அடையாளங்கள். சிலருக்குத் திடீரென மூச்சடைத்து, வியர்த்து, இப்போதே மௌத்தாகி விடுவோம் என்ற பயம் எழும். சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பின்னர் தணியும்.

வீட்டில் இது வேறு வேடத்தில் வரலாம். வெளிநாட்டிலிருக்கும் கணவரின் அழைப்பு சற்றுத் தாமதித்தால் உம்மாவின் கை நடுங்கும். பாடசாலை நாட்களில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். கலியாண வீடுகளுக்குச் செல்வதை மகள் தவிர்ப்பாள். சிலர் வுழூவை மீண்டும் மீண்டும் செய்து ஜமாஅத்தைத் தவறவிடுவர். இந்த வஸ்வாஸும் கவலை நோய்க்கு நெருங்கிய உறவுதான். நாமோ “சோம்பல்”, “பிடிவாதம்”, “ஈமான் இல்லை” என்று எளிதாகப் பெயர் சூட்டிவிடுகிறோம்.

நம் முன்னோர் அப்படிச் செய்யவில்லை. கி.பி. 934 இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கி அவர்கள், உடல் நோய்களைப் போலவே உள்ளத்தின் நோய்களுக்கும் தம் நூலில் தனிப் பகுதி ஒதுக்கி, கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குப் பரிகாரம் எழுதினார்கள்.

எனவே வீட்டில் யாரிடமேனும் இந்த அடையாளங்களைக் கண்டால், முதலில் குறுக்கிடாமல் கேளுங்கள். பின்னர் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தைரொயிட் நோயாலும் இருதய நோயாலும் கூட நெஞ்சு படபடக்கும். அதைச் சோதித்தறிவது அவசியம். நெஞ்சு வலித்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கவலை நோய்க்கு உளவளப் பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அவரைத் தனியே விடாது அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் வேண்டாமென்பதல்ல. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். மருத்துவம் செய்யுமாறும் ஏவினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அல்லாஹ் நம் உள்ளங்களை உறுதிப்படுத்தி, நம் வீடுகளில் அமைதியை இறக்கியருள்வானாக! ஆமீன்.