சின்ன மூக்கும் நம் கைமருந்தும்



வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் பல்லேகமப் பகுதியில் பிள்ளைகளின் மூக்கும் ஒழுகத் தொடங்கிவிடும். நக்கிள்ஸ் மலைப்பக்கத்துக் குளிர், காயாத துணிகள், கதவடைத்த ஒரே அறைக்குள் எல்லோரும்! ஒருவருக்கு வந்த தடிமன் வீட்டில் யாரையும் விட்டு வைப்பதில்லை.

பெரியவர்களுக்குத் தடிமன் என்றால் நாலு தும்மலோடு போய்விடும். கைக்குழந்தைக்கு அப்படியல்ல. பிறந்து முதல் சில மாதங்களுக்குப் பிள்ளை பெரும்பாலும் மூக்கினால்தான் மூச்சு விடும். பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டிருக்கும். மூக்கும் அடைத்தால் என்ன செய்யும்? இரண்டு மிடறு உறிஞ்சும், விட்டுவிடும், அழும். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை.

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு என் தங்கை வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய மூன்று மாதப் பிள்ளைக்குக் கடும் மூக்கடைப்பு. நான் போனபோது அவளுடைய மாமி கருஞ்சீரக எண்ணெயைக் கரண்டியில் ஊற்றி விளக்கில் சூடுகாட்டிக் கொண்டிருந்தார். மூக்கில் இரண்டு துளி விடப்போகிறாராம்.

"நானா, விடலாமா?" என்று தங்கை கேட்டாள். நான் வாய் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார். "நீங்கதானே மௌலவி பயான்ல சொன்னீங்க, புகாரியிலேயே இருக்குண்டு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் சொன்னது உண்மைதான். ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பகுதியில் அந்தச் சம்பவம் வருகிறது. ஃகாலிப் பின் அப்ஜர் என்பவர் பிரயாணத்தில் நோயுற்று, மதீனா வந்து சேர்ந்தும் சுகமாகவில்லை. அவரை நோய் விசாரிக்க வந்த இப்னு அபீ அத்தீக், ஐந்து அல்லது ஏழு கருஞ்சீரக மணிகளை அரைத்து எண்ணெயோடு மூக்கில் விடும்படி சொன்னார்கள். நோயாளி யார்? பிரயாணம் செய்யும் வயதுள்ள வளர்ந்த மனிதர். தொட்டில் பிள்ளையல்ல. இதை நான் மிம்பரில் எடுத்துச் சொல்லவில்லை. கேட்ட தாய்மார் என்னை நம்பி எண்ணெய்ப் போத்தலை எடுத்தால் பொறுப்பு யாருக்கு? மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதன் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதிலும் ஒரு நபிமொழி பதிவாகியிருக்கிறதே!

எண்ணெய் ஏன் ஆகாது?

சிறு பிள்ளையின் மூக்கில் விடும் எண்ணெய் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். தண்ணீர் என்றால் பிள்ளை இருமித் தள்ளும். எண்ணெய் சில வேளை இருமலைக்கூட எழுப்பாமல் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நோயை எண்ணெய் நிமோனியா என்கிறார்கள். இது புதுக் கதையல்ல. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததைப் பற்றி 1973இலேயே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்திருக்கிறது. தேங்காயெண்ணெயோ, நல்லெண்ணெயோ, கருஞ்சீரக எண்ணெயோ, எதுவானாலும் குழந்தையின் மூக்குக்கு வேண்டாம்.

அன்றிரவு செய்தது

முதலில் பிள்ளையின் சட்டையை உயர்த்தி, அழாத நேரத்தில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினோம். 44. நெஞ்சு உள்ளிழுக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. மனம் சற்று அமைதியானது. பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தோம். 240 மில்லிலீற்றர் தண்ணீருக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் வேண்டாம். பாமசியில் விற்கும் சேலைன் துளி கிடைத்தால் அதுவே மேல். வீட்டில் செய்ததை மூடி வைத்து, ஒரு நாளைக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, சுத்தமான துளிக்குழாயால் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு மூன்று துளி விட்டோம். ஒரு நிமிடம் பொறுத்தோம். இறுகியது இளகி வெளியே வந்தது. மெல்லிய துணியால் துடைத்தோம். கால் மணி நேரத்தில் பிள்ளை பால் குடித்தது. மாமியே எண்ணெய்க் கரண்டியைக் கழுவி வைத்தார்!

மூக்கை உறிஞ்சும் ரப்பர் குமிழ் இருந்தால், முதலில் குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூக்கின் வாயிலில் மட்டும் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். மூக்கின் உள்தோல் புண்ணாகி வீங்கும். பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு செய்வது நல்லது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

அன்பினால் செய்யும் தவறுகள்

கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பூசாதீர்கள். எந்த வயதிலும் மூக்குக்குள் வைக்காதீர்கள். கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரலாம். பெரியவர்களின் மூக்கடைப்புத் துளி மருந்தும், மீந்துபோன இருமல் பாணியும் குழந்தைக்கு ஆபத்து.

கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பதும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் வெந்த புண்தான் மிஞ்சும். தேனில் நிவாரணம் இருப்பதை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு வயது நிறையாத குடலில், தேனிலிருக்கக்கூடிய ஒரு கிருமி நஞ்சை உண்டாக்கிக் கைகால்களைத் தளர வைத்துவிடும். ஒரு வயதுக்குப் பிறகு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் நல்லது. ஆறு மாதம் வரை கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பாலே போதும். விறகடுப்புப் புகை, நுளம்புச் சுருள், சாம்பிராணி, வாப்பாமாரின் சிகரெட் ஆகியவற்றைப் பிள்ளையின் அறையிலிருந்து விலக்கி வையுங்கள்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். தடிமன் வைரஸ் கிருமியால் வருவது. அன்டிபயோட்டிக் அதற்கு மருந்தல்ல. பெரும்பாலும் பத்து நாட்களில் தணியும், சில வேளை இரண்டு வாரமும் ஆகலாம்.

எப்போது புறப்பட வேண்டும்?

இங்கிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இலுக்கும்புர, ரிவர்ஸ்டன் என்று மலையேறி இறங்க வேண்டும். மழை இரவில் அது இலேசான பாதையல்ல. ஆகவே அந்தி சாயுமுன்பே பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் மூச்சு, இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால் தாமதிக்க வேண்டாம். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தல், முனகல், உதடு நீலமாதல், பால் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே புறப்படுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வாகனமில்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அதற்கடுத்த ஜும்ஆவில் முன்பு சொன்ன அதே ஹதீஸை மீண்டும் எடுத்து, விட்டுப்போன பாதியையும் சொன்னேன். அன்று பள்ளிக்கு வராத சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாசித்ததும் உங்கள் வீட்டு மாமிக்கும் மூத்தம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். துஆவைக் கைவிடாதீர்கள், உப்புத் தண்ணீரையும் தயாராக வையுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.