தினமும் ‘வேலிடேட்டிங்’ காட்டும் கேம்... கம்ப்யூட்டர் என்ன சொல்ல வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கல்லூரியில் படிக்கும் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறான். ‘ஸ்டீம்’ மென்பொருளைத் திறந்து, கேமை அழுத்துகிறான். கேம் வரவில்லை. ஃபைல்களைச் சரிபார்ப்பதாக ஒரு கோடு மட்டும் மெதுவாக நகர்கிறது. கடைசியில், ‘3 ஃபைல்கள் சரியில்லை, மீண்டும் டவுன்லோடு செய்யப்படும்’ என்கிறது. நேற்றும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை.

“என்னடா, இன்னும் ஆரம்பிக்கலையா?” என்கிறார் அம்மா.

“செக் பண்ணிட்டே இருக்கும்மா...”

“பழைய கம்ப்யூட்டர்டா அது. அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அப்பா செய்தித்தாளைப் புரட்டுகிறார்.

இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. பேச்சும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால், அதே கம்ப்யூட்டரில்தான் மகளின் கல்யாண போட்டோக்கள் இருக்கின்றன. தாத்தா பேசிய கடைசி வீடியோ இருக்கிறது. வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளும் இருக்கின்றன. கேம் தினமும் தடுமாறுகிறது என்றால், சில நேரங்களில் அது அந்த போட்டோக்களுக்கும் சேர்த்து வரும் எச்சரிக்கை!

கைரேகை பார்க்கும் வேலை

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பர் 12-ல் ஸ்டீமை வெளியிட்டது. இன்று கம்ப்யூட்டரில் கேம் விளையாடுபவர்களில் பலருக்கும் அதுதான் கடை, அலமாரி எல்லாமே.

ஒரு பெரிய கேமை ஸ்டீம் ஏறக்குறைய 1 எம்.பி. அளவுள்ள சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ‘ஹாஷ்’ எனப்படும் கைரேகை ஒன்று உண்டு. அது எழுத்தும் எண்ணும் கலந்த 40 குறிகள் கொண்டது. துண்டுக்குள் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். சரிபார்ப்பது என்றால், டிஸ்க்கில் இருக்கும் துண்டுகளைப் படித்து, கைரேகை எடுத்து, கம்பெனி கொடுத்த பட்டியலோடு ஒப்பிடுவது.

இதற்கு நேரம் ஆகும். 50 ஜி.பி. கேமை முழுதாகப் படிக்க, நொடிக்கு 100 எம்.பி. படிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு 8 நிமிடத்துக்கு மேல் தேவை. நொடிக்கு 500 எம்.பி. படிக்கும் எஸ்.எஸ்.டி. என்றால் 2 நிமிடத்துக்குள் முடியும்.

அதனால்தான் ஸ்டீம் இந்த வேலையைத் தினமும் செய்வதில்லை. ‘இந்த கேம் முழுமையாக இருக்கிறது’ என்று ஒரு சிறு ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்தாலே போதும்.

அப்படியிருந்தும் தினமும் முழுச் சோதனை நடக்கிறது என்றால், இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, குறிப்பு எழுதப்படவில்லை. அல்லது, ஃபைல்கள் உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருக்கின்றன. எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், அது சோதனைதானா?

ஸ்டீமைத் திறந்ததும் சில நொடிகள் மட்டும் ‘வெரிஃபையிங் இன்ஸ்டாலேஷன்’ என்று வந்து போனால், பயப்பட ஒன்றுமில்லை. அது தன்னைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

‘ஷேடர்’ என்ற சொல் திரையில் வந்தால், அது வேறு வேலை. கேமின் காட்சிகளை உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்கிறது. கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்த பிறகு இது மறுபடியும் வருவது இயல்பு. ஆன்லைன் கேம்களில், யாராவது ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் சோதனையும் ஒவ்வொரு முறையும் நடக்கும். அதையும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல், தினமும் நிமிடக் கணக்கில் ‘வேலிடேட்டிங்’ அல்லது ‘வெரிஃபையிங்’ ஓடினால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

‘எல்லாம் சரி’ என்கிறது... ஆனாலும் மறுநாள் மறுபடியும்!

சோதனையின் முடிவில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் நாளை மறுபடி ஆரம்பிக்கிறது என்றால், குறிப்பு எழுதுவதில்தான் சிக்கல். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை.

* பாதியில் அணைப்பது: மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மறையுமே தவிர, ஸ்டீம் மூடாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினாலோ, கரன்ட் போனாலோ, குறிப்பு பாதியில் நின்றுவிடும். ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸிட்’ கொடுத்த பிறகே கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும்.
* இடம் இல்லாதது: டிஸ்க் நிரம்பி வழிந்தால் சிறு குறிப்புக்குக்கூட இடம் இருக்காது. தேவையில்லாத படங்கள், பழைய கேம்களை நீக்கினாலே சில வீடுகளில் பிரச்னை தீர்ந்துவிடும்.
* எழுத அனுமதி இல்லாதது: விண்டோஸை மறுபடி போட்ட பிறகு பழைய ஃபோல்டரை அப்படியே பயன்படுத்தினால் இது வரலாம். ஸ்டீம் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதிக்குப் போய், மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ரிப்பேர் ஃபோல்டர்’ கொடுக்கலாம்.
* வெளி டிரைவ்: யு.எஸ்.பி. டிரைவில் கேம் வைத்திருப்பவர்கள், ‘எஜெக்ட்’ கொடுக்காமல் உருவக் கூடாது.
* தேதி தவறுவது: கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே பழைய வருடம் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள வட்டமான பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற எண் கொண்டது, விலையும் குறைவுதான். தேதி தவறினால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது, அப்டேட்டும் முடியாது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு, ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருந்தால், ‘ஷட் டவுன்’ செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுதாகப் புதிதாக ஆரம்பிக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால், செட்டிங்ஸில் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் ‘க்ளியர் கேஷ்’ கொடுக்கலாம். மறுபடி லாகின் செய்யச் சொல்லும் என்பதால் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொள்ளவும். ஆனால், அவசரப்பட்டு ஸ்டீமையே அன்இன்ஸ்டால் செய்துவிட வேண்டாம். அதன் ஃபோல்டரில் இருக்கும் கேம்களும் சேர்ந்தே போய்விடும். பிறகு அத்தனை ஜி.பி.யையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஃபைல் கெட்டிருக்கிறதா?

மேலே சொன்ன வீட்டில் நடப்பது இரண்டாவது வகை. ‘3 ஃபைல்கள் சரியில்லை’ என்று தினமும் சொல்கிறது.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. சில கேம்களில், வீரர் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றிரண்டு கம்பெனி பட்டியலோடு பொருந்தாது. அது சாதாரணம்தான், கண்டுகொள்ள வேண்டாம் என்று ஸ்டீமே சொல்கிறது. ‘மாட்’ போட்டு கேமை மாற்றியவர்களுக்கும் பட்டியல் பொருந்தாது.

அது இல்லை என்றால், கெட்டுப்போன ஃபைல்களின் பெயரைக் கவனிக்க வேண்டும். ஸ்டீம் ஃபோல்டருக்குள் ‘லாக்ஸ்’ என்ற ஃபோல்டரில் அது எழுதிவைக்கும் பதிவுகள் இருக்கும். பெயர் தெரியாவிட்டாலும், எண்ணிக்கையை மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும், ஓரளவு பிடிபடும்.

தினமும் அதே ஃபைல் என்றால், முதல் சந்தேகம் ஆன்டி வைரஸ் மீது. ஸ்டீம் ஃபைலைக் கொண்டு வந்து வைக்கிறது. ஆன்டி வைரஸ் அதைத் திருடன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போகிறது. மறுநாள் மறுபடி அதே கூத்து! ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்தால், பிடிபட்ட ஃபைல் அங்கே இருக்கும். முறையாக வாங்கிய கேம் என்றால் அந்த ஃபைலுக்கு அனுமதி கொடுக்கலாம். யாரோ பென் டிரைவில் கொடுத்த திருட்டு கேம் என்றால், ஆன்டி வைரஸ் சொல்வதைக் கேட்பதே நல்லது.

ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஃபைல் என்றால், மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. ரேம், டிஸ்க், அல்லது டிஸ்க்கை இணைக்கும் கேபிள், இந்த மூன்றில் ஒன்று சரியில்லாமல் இருக்கலாம். ரேமைப் பார்க்க விண்டோஸிலேயே வழி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடினால் கிடைக்கும். டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நீல நிறத்தில் ‘குட்’ என்று வந்தால் நிம்மதி. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால், டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்று பொருள். சிவப்பு என்றால், ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

டிஸ்க்கைச் சோதிக்கும் முன் போட்டோக்கள்

பலர் தவறு செய்யும் இடம் இதுதான். டிஸ்க் மீது சந்தேகம் வந்ததும் முழு ஸ்கேன் போடுகிறார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைத்தால், அது அங்கேயே நின்றுவிடக்கூடும். கேம் போனால் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். தாத்தாவின் குரலை எந்த சர்வரில் இருந்து இறக்குவது?

எனவே, முதல் வேலை காப்பி எடுப்பது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு காட்டினாலும், பல வீடுகளில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள் மாதிரி. சி-யில் இருப்பதை டி-யில் காப்பி எடுத்தால், பீரோ விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும். தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுக்க வேண்டும். முக்கியமான போட்டோக்களை கிளவுடிலும் ஒரு பிரதி வைக்கலாம். பிறகு எந்த ஸ்கேன் வேண்டுமானாலும் போடலாம்.

போனில் விளையாடுபவர்களுக்கு...

ஆண்ட்ராய்டு போனிலும் இதே தொல்லை உண்டு. கேமைத் திறக்கும்போதெல்லாம் ‘ரிசோர்ஸ்’ சோதனை, மறுபடி டவுன்லோடு, டேட்டா காலி. முதலில் ‘க்ளீனர்’ வகை ஆப்களைப் பாருங்கள். போனைச் சுத்தம் செய்கிறேன் என்று, கேம் இறக்கி வைத்ததையும் அவை துடைத்துவிடலாம். அடுத்து, போனில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டவுன்லோடு முடியும்வரை கேமை விட்டு வெளியே வராமல் இருப்பதும் முக்கியம். பேட்டரி சேமிப்பு வசதி அதை இடையிலேயே நிறுத்திவிடலாம்.

செட்டிங்ஸில் ‘க்ளியர் கேஷ்’ கொடுக்கலாம். அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘க்ளியர் ஸ்டோரேஜ்’ பட்டனில் மட்டும் கவனம். ‘கெஸ்ட்’ ஆக விளையாடும் குழந்தை சேர்த்து வைத்த லெவல்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

மீண்டும் அந்த வீட்டுக்கு...

மகன் மூன்று நாள் குறித்துப் பார்க்கிறான். முதல் நாள் 3 ஃபைல், அடுத்த நாள் 5, அதற்கடுத்த நாள் 4. ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர்கள். டிஸ்க்கின் நிலையைப் பார்த்தால், மஞ்சள் நிறம்.

“அப்பா, கேமை விடுங்க. அக்கா கல்யாண போட்டோ எல்லாம் வேற எங்கயாவது இருக்கா?”

“எல்லாம் டி டிரைவ்லதானேடா இருக்கு, பத்திரமா.”

“டி-யும் இதே டிஸ்க்குதான்ப்பா.”

அப்பா செய்தித்தாளை மடித்து வைக்கிறார். அன்று மாலை கடைக்குப் போய் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வருகிறார்கள். இரவு பத்து மணிவரை காப்பி ஓடுகிறது. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்து, “இருக்கு... இருக்கு...” என்று தலையாட்டுகிறார் அம்மா. அடுத்த வாரம் பழைய டிஸ்க்குக்குப் பதில் புதிய எஸ்.எஸ்.டி. வருகிறது. அதில் கேமை ஏற்றியதும் ஒருமுறை சோதனை நடக்கிறது. மறுநாள் நடக்கவில்லை.