தேன்கல்லும் உப்புத் தண்ணீரும்

பழுப்பு நிலக்கரியின் வெடிப்புக்குள் தேன் நிறத்தில் ஏதாவது மின்னினால், பார்ப்பவர் வாயில் முதலில் வரும் பெயர் அம்பர். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். மரங்கள் மண்ணுக்குள் கரியான இடத்தில் அவற்றின் பிசினும் கிடப்பது இயல்புதானே. ஆனால் ஜெர்மனியின் துரிங்கியாவில், ஆர்ட்டர்ன் என்ற ஊரில் கிடைத்தது அம்பர் அல்ல. 1789-இல் கனிமவியலாளர் வெர்னர் அதற்குத் தேன்கல் என்று பெயரிட்டார். இன்றைய பெயர் மெல்லைட்.

1799-இல் அதைப் பிரித்துப் பார்த்தவர், யுரேனியத்தைக் கண்டுபிடித்த அதே கிளாப்ரோத். உள்ளே அலுமினியமும் அதுவரை யாரும் அறியாத ஓர் அமிலமும் இருந்தன. பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளிலும் அமிலத் தொகுதி கொண்ட மெல்லிட்டிக் அமிலம் அது. செடிகொடிகள் விட்டுச்சென்ற கரிமமும் களிமண்ணின் அலுமினியமும் கைகோத்துப் படிகமாவது எனக்கு இன்றும் தீராத வியப்பு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கனிமங்களில் இப்படிப்பட்ட கரிமக் கனிமங்கள் மிகச் சொற்பம்.

சுரங்க விளிம்பில் நின்றுகொண்டு இதை அம்பரிலிருந்து எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது? நிறம் கைகொடுக்காது. கீறிப் பார்ப்பதும் வீண். இரண்டின் கடினமும் 2 முதல் 2.5 வரைதான். புற ஊதா விளக்கில் இரண்டுமே நீலமாக ஒளிரக்கூடும். முதலில் லென்ஸை எடுத்து வடிவத்தைப் பாருங்கள். அம்பருக்குப் படிக முகங்கள் கிடையாது. மெல்லைட் நன்றாக வளர்ந்திருந்தால், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற நான்முகக் கூர்கள் தெரியும். ஹங்கேரியின் சோர்தாகூத் சுரங்கத்தில் கிடைத்த படிகங்கள் பனங்கற்கண்டு போலவே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், மெல்லைட் பல நேரம் வடிவமே இல்லாத பொருக்காகத்தான் கிடைக்கிறது. அப்போது நான் நம்புவது உப்புத் தண்ணீரை. தண்ணீரில் இனி கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்தால் அதன் அடர்த்தி 1.2 ஆகும். அம்பரின் அடர்த்தி 1.1-ஐ ஒட்டியது, மிதக்கும். மெல்லைட்டுக்கு 1.64, நேரே அடியில் போய் உட்காரும். கரி ஒட்டாத சிறு துணுக்கைப் போட வேண்டும், காற்றுக் குமிழியைத் தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

நெருப்பு கடைசி வழி. அதையும் ஒரு குருணையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அம்பர் பிசின் மணத்தோடு எரியும். மெல்லைட் தீப்பிடிக்காது, நிறமிழந்து, கடைசியில் வெள்ளையாக அலுமினா மிஞ்சும். நல்ல படிகத்தைத் தீயில் காட்டிச் சோதிப்பவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. முடிவான தீர்ப்பை ஆய்வகத்தின் எக்ஸ் கதிர் சொல்லட்டும்.

ஒட்டியிருக்கும் நிலக்கரியைச் சுரண்டி அழகுபடுத்தவும் வேண்டாம். எந்த அடுக்கில், எந்த வெடிப்பில் வளர்ந்தது என்பதற்கு அந்தக் கரிதான் சாட்சி. இன்று வெட்டிய கரி நாளை கொதிகலனுக்குப் போய்விடும். அடுக்கின் பெயரையும் ஆழத்தையும் அங்கேயே, அப்போதே எழுதிவையுங்கள்.