வற்று நேரம் பார்த்துப் போங்கோ

போன கோடை விடுமுறைக்கு ஐல் ஒஃப் வைட் போகிறோம் என்றதும் மகள் கேட்டது, "அங்கை வைஃபை இருக்கா?" என் அம்மா கேட்டது, "வீடு கடலுக்குக் கிட்டவோ?"

அம்மா நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் எங்களோடு எந்த விடுமுறைக்கு வந்தாலும் காருக்குள் பிளாஸ்க்கோடு இருந்துவிடுவார். "நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் இருக்கிறன்." பிள்ளைகளும் அம்மம்மா என்றால் அப்படித்தான் என்று பழகிவிட்டார்கள். இவருடைய தமிழ் வேகம், அவர்களுடைய தமிழ் அரைகுறை. சாப்பிட்டியா, குளிச்சியா என்பதைத் தாண்டிப் பேச்சுப் போவது குறைவு.

போர்ட்ஸ்மத்தில் இருந்து காரோடு ஃபெரியில் ஏறினால் முக்கால் மணி நேரம். முதல் நாள் பெம்பிரிட்ஜ் கரைக்குப் போனோம். கடல் வற்றும்போது அங்கே கற்பாறைத் தளம் நீளத்துக்கு வெளியே தெரியும். பள்ளங்களில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் வேடிக்கை. கடற்சாமந்தி, இறால், குட்டி நண்டு, அடுத்தவன் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு எல்லாம் கண்டோம்.

மகன் வலையோடு பாய்ந்தான். அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது. "தம்பி, அந்தக் கல்லைத் திரும்ப அப்பிடியே வை. அதுக்குக் கீழை இருக்கிறதுகள் வெயிலிலை செத்துப்போம்." அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் நின்றார். நண்டை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்: பின்பக்கமாக, ஓட்டின் இரண்டு விளிம்பிலும் இரண்டு விரல். கடற்புல்லுக்குச் 'சாதாளை' என்று ஒரு பெயர் உண்டென்று அன்றைக்குத்தான் பிள்ளைகள் கேள்விப்பட்டார்கள். கடல் வடிவது 'வற்று', ஏறுவது 'பெருக்கு'. மகள் அந்த இரண்டு சொல்லையும் அன்று பின்னேரம் வரை விடவில்லை.

பாறையில் கூம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் லிம்பெற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தண்ணீர் மூடியதும் அது நகர்ந்து போய்ப் பாசி மேயும். தண்ணீர் வடியுமுன் தன் பழைய இடத்துக்கே திரும்பி வரும். அதனுடைய ஓட்டின் அளவுக்கு அந்தக் கல் தேய்ந்திருக்கும். அதைப் பிடுங்கக் கூடாது.

இரண்டாம் நாள் அல்வர்ஸ்டோன் பக்கம் சிவப்பு அணில் பார்க்கப் போனோம். வட அமெரிக்காவில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சாம்பல் அணில்கள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் சிவப்பு அணிலை இல்லாமல் ஆக்கிவிட்டன. இங்கே நடுவில் கடல் இருப்பதால் அவை வந்து குடியேறவில்லை. அங்கே ஒரு மறைவிடக் குடிசை இருக்கிறது. காலையில் நேரத்தோடு போய்ப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். என் மகனுக்கு அது பெரிய சோதனை. ஏழாம் நிமிடத்தில் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அவன் தானாகவே அரை மணி நேரம் இருந்தான்.

மூன்றாம் நாள்தான் நான் பிழைவிட்டேன்.

கொம்ப்டன் விரிகுடாவில், ஹனோவர் முனைக்குக் கீழே, 12 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டைனோசர் காலடிகள் இருக்கின்றன. மூன்று விரலோடு, சாப்பாட்டுக் கோப்பை அளவில், கல்லாகக் கிடக்கும். வற்றில்தான் தெரியும். முதல் நாள் வற்று நேரத்தை நாங்கள் தங்கிய வீட்டில் இருந்த அச்சடித்த தாளில் பார்த்தேன். அது கிரீன்விச் நேரம். கோடையில் ஒரு மணி கூட்டவேண்டும். கூட்டினேன், 11 மணி வந்தது, சரி. மூன்றாம் நாள் போனில் பார்த்தேன், 12:40. பழக்கத்தில் இதற்கும் ஒரு மணி கூட்டினேன். போன் ஏற்கெனவே கூட்டித்தான் காட்டியிருந்தது. நேர வலயப் பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான்!

வற்று 1:40 என்ற நம்பிக்கையில் முனையைச் சுற்றி மற்றப் பக்கம் போய்விட்டோம். ஒரு பக்கம் களிமண் செங்குத்து, மறுபக்கம் கடல். பிள்ளைகள் காலடிக்குள் தங்கள் காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2:30 இருக்கும். அம்மா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அந்தத் தட்டைக் கல்லைக் காணேல்லை."

"எந்தக் கல் அம்மா?"

"வரேக்கை தம்பி ஏறி நிண்ட கல். பெருக்குத் தொடங்கியிட்டுது. வாங்கோ, வெளிக்கிடுவம்."

"இப்பதானே வத்தினது, இன்னும் நேரமிருக்கு" என்று போனைக் காட்டினேன். அம்மா போனைப் பார்க்கவில்லை. மகனின் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். முனையைத் திரும்பச் சுற்றும்போது தண்ணீர் எனக்கு முழங்கால்வரை. மகனுக்கு இடுப்பளவு, அவனை இவர் தூக்கிக்கொண்டார். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

நெடுந்தீவுக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட வராது. ஆனாலும் அம்மாவின் கண் ஒரு கல்லை அடையாளம் வைத்திருந்தது. அது சின்ன வயதுப் பழக்கம்.

நீங்கள் போவதென்றால் இவற்றைக் கவனியுங்கள்:

வற்று நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். முதல் நாள் 11 மணி என்றால் மூன்றாம் நாள் 12:40 அளவில்தான் வரவேண்டும். இந்த மனக்கணக்கைப் போட்டிருந்தால் என் பிழை அப்போதே தெரிந்திருக்கும்.

வற்றுக்கு ஒன்றரை மணி முன் போய், வற்று நேரத்திலேயே திரும்பத் தொடங்குங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கும்போது மெல்லத்தான் ஏறும், பிறகு வேகம் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் 999 அழைத்துக் கோஸ்ட்கார்ட் வேண்டும் என்று சொல்லுங்கள்.

கீழே தனியாகக் கிடக்கும் சின்னக் கல்லைப் பொறுக்கலாம். செங்குத்தைத் தோண்டக் கூடாது, அதன் அடியில் இருந்து சாப்பிடவும் கூடாது, மண் சரியும்.

பிடித்த உயிர்களைக் கடல்தண்ணீர் உள்ள வாளியில் நிழலில் சில நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

அம்மம்மா, அப்பம்மா, தாத்தா யாராவது கூட வந்தால் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முழங்கால் நோ என்றால் கரையில் ஒரு மடக்குக் கதிரை போடுங்கள். அவர்கள் கண்ணுக்குப் படுவது எங்களுக்குப் படாது.

போன கிழமை பிறைட்டன் போனோம். கார்ப் பார்க்கில் இறங்கியதும் மகள் என்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் போய், "அம்மம்மா, இப்ப வத்தா பெருக்கா?" என்றாள். அம்மா கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தார்.

"பெருக்கு. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் விளையாடலாம்."

நான் போனில் சரிபார்த்தேன். இந்த முறை ஒரு மணி கூட்டவில்லை. அம்மா சொன்னது சரி.