செவிலி கேளாத கேள்வி

அகப்பாடல்களில் தலைவியின் மேனி வாடக் கண்டு கலங்குபவள் செவிலி. காரணத்தை அவளிடமே தனித்துக் கேளாமல் வேலனை வரவழைத்து வெறியாட்டு நிகழ்த்துவார்கள். இப்பிழையை வகுப்பில் நயம் பாராட்டி நடத்திவருகிறோம். மருத்துவமனையில் பணிபுரிவோருக்கும் அதே பெயரைத்தான் சூட்டியிருக்கிறோம்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வீங்கிய மணிக்கட்டோடு வருகிறாள் எனக் கொள்வோம். படியில் விழுந்தாள் என்கிறார் தாய். கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முறுக்கியவன் காதலனாக இருக்கலாம் என்னும் ஐயம் எவருக்கும் எழுவதில்லை. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் தனிமையில் பேசுக, பழிக்காமல் செவிமடுக்க என உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியிருக்கிறது.

இங்கு அதைப் பயிற்றுவிப்பதில் ஒரு முடிச்சு உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாதவரின் இசைவு செல்லாது. உடலுறவு நிகழ்ந்ததை அறிந்த மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அடியைச் சொல்லப்போய் உறவும் வெளிப்பட்டால்? அவள் எப்படி வாய் திறப்பாள்? சிறுமியும் காப்பாளரும் வேண்டினால் பெயரை மறைக்கலாம் என 2022இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது கருக்கலைப்பு தொடர்பாக மட்டுமே.

மருத்துவரைவிடச் செவிலியருக்கே இப்பயிற்சி முதலில் வேண்டும் என்போம். தாயை நயமாக வெளியே அமர்த்தக் கற்கட்டும். எதை மறைக்க இயலும், எதை இயலாது என்பதைக் கேள்விக்கு முன்பே அவளிடம் சொல்லிவிடட்டும். அவள் மௌனம் காத்தால், கட்டுப் பிரிக்கும் நாளில் மீண்டும் கேட்கலாம்.