"எரிஞ்சிடும்" என்பது ஒரு பதிலா?



"ஓடுற பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் எரிஞ்சிடும்" என்று இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப் போகிறோம்? எரிவது சக்தி மட்டும்தான். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்க இரும்புச்சத்து வேண்டும், எலும்புக்குக் கல்சியம் வேண்டும். ரோல்ஸும் சோடாவும் அதைத் தருமா?

கென்யாவின் எலியுட் கிப்சோகேயைப் பாருங்கள். 2003இல் பரிஸில் 5000 மீற்றர் உலக சம்பியன். 2022இல், 37 வயதில், பேர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் மரதன் உலக சாதனை. இடையில் 19 வருடம்! பயிற்சி முகாமில் அவருடைய சாப்பாடு சோள மாக் களி, கீரை, அவரை விதை, பால். போட்டியன்று விசேட பானம் குடிக்கிறார்தான். ஆனால் அத்திவாரம் அந்தக் களிதான்.

சாப்பாடு மட்டுமா காரணம்? இல்லை. திறமையும் பயிற்சியும் இல்லாமல் எந்தக் களியும் யாரையும் ஓட வைக்காது. ஆனால் குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடினால் எலும்பில் வெடிப்பு விழும், இரத்தச்சோகை வரும். திறமை இருந்தும் ஓட்டம் பாதியில் நின்றுவிடும்.

புரோட்டீன் டின்னுக்குக் காசைக் கொட்டும் பெற்றோரே, முதலில் பிள்ளைக்குக் காலைச் சாப்பாட்டைக் கொடுங்கள். பருப்பும் கீரையும் முட்டையும் நம்ம கடையிலேயே இருக்கு.